ஐடிகே-ஸ்னாப்: மூளை வென்ட்ரிக்கிளின் கன அளவை எடுக்க எவ்வளவு நம்பலாம்?

மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளை வென்ட்ரிக்கிள் என்பார்கள். ஸ்கேனிலிருந்து அவற்றின் கன அளவை மில்லி கணக்கில் எடுக்க இலவச மென்பொருள்கள் பல உண்டு. அவற்றில் அளப்பவரின் கண்ணுக்கு முழு அதிகாரம் கொடுப்பது ஐடிகே-ஸ்னாப். நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் கைடோ கெரிக்கின் மாணவர்களிடம் தொடங்கி, பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பால் யுஷ்கெவிச் குழுவிடம் வளர்ந்தது. 2006ல் நியூரோஇமேஜ் இதழில் இதைப் பற்றி வந்த கட்டுரையே மூளையின் ஆழத்தில் உள்ள கோடேட் நியூக்ளியஸ் என்ற சாம்பல் பொருள் திரளையும், இடமும் வலமுமாக இருக்கும் பெரிய அறைகளான லேட்டரல் வென்ட்ரிக்கிளையும் வைத்துத்தான் இதன் நம்பகத்தைச் சோதித்தது. அதனால் வென்ட்ரிக்கிள் அளப்பது இதற்குப் புதிய வேலை இல்லை, பிறந்த வீட்டு வேலை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண மடிக்கணினியே போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல டி1 எம்ஆர்ஐ (நீர் கறுப்பாகத் தெரியும் வகை) கையில் இருந்து, ஒரு ஸ்கேனுக்குக் கால் மணி நேரம் ஒதுக்க முடிந்தால் இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். எண் ஏன் அப்படி வந்தது என்பதை எல்லைக்கோட்டைக் காட்டி விளக்கலாம். தானாக ஓடி எண்ணை மட்டும் துப்பும் கருவிகளில் அது கஷ்டம். நூற்றுக்கணக்கான ஸ்கேன் இருந்தாலோ, அளப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலோ இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

கன அளவு எதற்கு, எவன்ஸ் இண்டெக்ஸ் போதாதா என்ற கேள்வி நியாயமானது. வில்லியம் எவன்ஸ் 1942ல், மூளை அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்த காலத்தில், சொன்ன விகிதம் அது: லேட்டரல் வென்ட்ரிக்கிளின் முன் நீட்சிகளான இரண்டு முன்கொம்புகளின் அதிகபட்ச அகலத்தை மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுப்பது. 0.3ஐத் தாண்டினால் வென்ட்ரிக்கிள் பெருத்திருக்கிறது என்பார்கள். ஒரு நிமிட வேலை, அதனால்தான் இன்றும் ரிப்போர்ட்டில் நிற்கிறது. ஆனால் அகலம் 38 மி.மீ., உள் அகலம் 128 மி.மீ. என்றால் 0.297, கோடு ஒரே ஒரு மி.மீ. நீண்டு 39 ஆனால் 0.305. ஆள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடுகிறார். பின்பக்க நீட்சியான பின்கொம்பும், காதுப்பக்கம் கீழே இறங்கும் டெம்போரல் ஹார்னும் மட்டும் பெருத்தால் இந்த விகிதத்துக்குத் தெரியவே தெரியாது. ஷண்ட் (தேங்கிய நீரை வடிக்கும் குழாய்) வைத்த ஒருவரின் வென்ட்ரிக்கிள் ஆறு மாதத்தில் சுருங்கியதா என்று பார்க்க கன அளவுதான் சரியான அளவுகோல்.

இனி மென்பொருளுக்குள் எதைப் போடுகிறோம் என்பது. தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, பழி மட்டும் மென்பொருளின் தலையில் விழுகிறது. ஸ்கேன் சென்டர் தரும் டிஸ்க்கில் டைகாம் கோப்புகள் (ஸ்கேன் இயந்திரம் தரும் மூல வடிவம்) இருக்க வேண்டும். ஃபிலிமைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதை வைத்து விகிதம் வேண்டுமானால் பார்க்கலாம், கன அளவு எடுக்க வழியே இல்லை. டிஸ்க்கில் ஒரே ஸ்கேன் பல தொடர்களாக இருக்கும்: ஸ்கவுட் படம், 5 மி.மீ. ஸ்லைஸ், எலும்புக்கான மெல்லிய ஸ்லைஸ், மென்திசுவுக்கான மெல்லிய ஸ்லைஸ். தேவை கடைசியது. எலும்புத் தொடர் விளிம்புகளைக் கூர்மையாக்கும்போது இரைச்சலையும் சேர்த்து உயர்த்திவிடும். அதில் நீருக்கும் மூளைக்கும் எல்லை நிற்காது. மெல்லிய தொடர்களைப் பல இடங்களில் நெடுநாள் சேமிப்பதில்லை என்பதால் ஸ்கேன் எடுத்த அன்றே கேட்டு வாங்குவது நல்லது.

எம்ஆர்ஐயில் ஸ்லைஸ் தடிமன் வேறு, ஸ்லைஸ் இடைவெளி வேறு. 5 மி.மீ. தடிமனில் எடுத்து நடுவில் 1 மி.மீ. விட்டிருந்தால், ஒரு ஸ்லைஸின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 6 மி.மீ. எங்காவது 6க்குப் பதில் 5 பதிவானால் மொத்தக் கன அளவும் கிட்டத்தட்ட 17 சதவீதம் குறைந்துவிடும். படத்தைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஐடிகே-ஸ்னாப்பில் படத்தைத் திறந்தவுடன் டூல்ஸ் மெனுவில் இமேஜ் இன்ஃபர்மேஷன் சாளரத்தைத் திறந்து மூன்று திசை இடைவெளிகளையும் படித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சிடி ஸ்கேனில் இன்னொரு பொறி கேன்ட்ரி சாய்வு. கண்ணில் கதிர் படாமல் இருக்க இயந்திரத்தைச் சாய்த்து எடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி எடுத்த ஸ்லைஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அடுக்கப்பட்டவை அல்ல, படிப்படியாகச் சறுக்கியவை. மேசை நகர்ந்த தூரத்தையே ஸ்லைஸ் இடைவெளியாக எடுத்துக்கொண்டால் 20 பாகை சாய்வில் கன அளவு 6 சதவீதத்துக்கு மேல் கூடிப்போகும். அதனால் டைகாமை நேரே ஐடிகே-ஸ்னாப்பில் திறப்பதைவிட, கிறிஸ் ரோர்டனின் டிசிஎம்2நிக்ஸ் என்ற மாற்றி வழியாக நிஃப்டி (எல்லா ஸ்லைஸையும் ஒன்றாக வைக்கும் வடிவம்) கோப்பாக மாற்றிக்கொண்டு வருவதே உத்தமம். அது சாய்வைக் கண்டுபிடித்துத் திருத்திய கோப்பைப் பெயரில் 'டில்ட்' என்று சேர்த்துத் தனியாகத் தரும். கீழே 5 மி.மீ., மேலே 10 மி.மீ. என்று சமமில்லாமல் எடுத்த பழைய சிடிகளையும் சமப்படுத்தித் தரும்.

அளக்கும் முறைக்கு வருவோம். 1 மி.மீ. டி1 படத்தைத் திறந்ததும் கர்சரை லேட்டரல் வென்ட்ரிக்கிளின் நடுவில் வைத்து ஒளிர்வு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்து வெள்ளைப் பொருளில் ஒன்று, கோடேட்டில் ஒன்று. நீர் 120, சாம்பல் பொருள் 340, வெள்ளைப் பொருள் 480 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். எல்லை என்பது இரண்டு பக்கத்து எண்களின் நடுப்புள்ளி. வெள்ளைப் பொருளோடு உரசும் இடத்தில் அது 300, கோடேட்டோடும் தலாமஸோடும் (இரண்டும் சாம்பல் பொருள்) உரசும் இடத்தில் 230. லேட்டரல் வென்ட்ரிக்கிள் இரண்டோடும் உரசுகிறது என்பதால் 260 பக்கம் வைத்தால் நியாயமான சமரசம். மூன்றாவது வென்ட்ரிக்கிளின் இருபுறமும் தலாமஸ்தான், அதற்கு 230. கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்தில் நகர்த்தி வைப்பவர்களின் எண்கள்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. இந்த நடுப்புள்ளிக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு எல்லா ஸ்கேனுக்கும் அதையே பின்பற்றினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அடுத்து ஸ்நேக் கருவி: உள்ளே வைத்த குமிழ் பலூன்போல வளர்ந்து எல்லையில் நிற்கும். முதலில் வேலை செய்யும் பெட்டியை வென்ட்ரிக்கிளைச் சுற்றி இழுத்து வைத்து 'செக்மென்ட் 3டி' அழுத்த வேண்டும். முதல் படியில் த்ரெஷோல்டிங்கை (ஒளிர்வு எண்ணில் வரம்பு வைத்துப் பிரிப்பது) தேர்ந்தெடுத்து, டி1 என்றால் மேல் வரம்பு மட்டும், டி2 (நீர் வெள்ளையாகத் தெரியும் எம்ஆர்ஐ) என்றால் கீழ் வரம்பு மட்டும் கொடுக்கலாம். படம் வெள்ளையும் நீலமுமாக மாறும். வெள்ளைப் பகுதிக்குள் ஸ்நேக் வளரும், நீலத்தில் பின்வாங்கும். இரண்டாம் படியில் குமிழ்கள். ஆரம் 2 அல்லது 3 வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் முன்கொம்பு, நடு உடல், ஏட்ரியம் (உடலும் பின்கொம்பும் டெம்போரல் ஹார்னும் சேரும் இடம்), பின்கொம்பு, டெம்போரல் ஹார்ன் என்று தனித்தனியே போடுங்கள். ஒரே ஒரு குமிழைப் போட்டு அதுவே எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும் என்று காத்திருப்பது வீண். ஏட்ரியத்திலிருந்து டெம்போரல் ஹார்னுக்குப் போகும் வழி ஒடுங்கலாக இருப்பவர்களுக்கு ஸ்நேக் அங்கே போகவே போகாது, அந்தப் பகுதி கணக்கில் வராமல் போய்விடும். மூன்றாம் படியில் ஓட்டம். 3டி படத்தைத் தொடர்ந்து புதுப்பிக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு, வளர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்து, நின்றதும் ஃபினிஷ்.

பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வதற்குக் காரணம் கசிவு. வென்ட்ரிக்கிளுக்குள் இருக்கும் நீரும் மூளையைச் சுற்றி இருக்கும் நீரும் ஒரே நீர், ஸ்கேனில் ஒரே நிறம். நடுவில் இருக்கும் சுவர் சில இடங்களில் ஒரு வோக்சலைவிட (படத்தின் மிகச்சிறிய முப்பரிமாணப் புள்ளி) மெல்லியது. டெம்போரல் ஹார்ன் பக்கம் கோராய்டல் ஃபிஷர் என்ற பிளவு வழியாக ஸ்நேக் வெளியேறி, நடுமூளையைச் சுற்றியுள்ள சிஸ்டர்னுக்குள் (மூளைக்கு வெளியே நீர் நிறைந்த இடம்) புகுந்துவிடும். மூன்றாவது வென்ட்ரிக்கிளின் முன்சுவரான லேமினா டெர்மினாலிஸும் அதன் தரையும் அதே போல மெல்லியவை. அங்கே கசிந்தால் செல்லாவுக்கு (பிட்யூட்டரி சுரப்பி அமரும் எலும்புக்குழி) மேலுள்ள சிஸ்டர்ன் முழுவதும் சேர்ந்துகொள்ளும். இவை இரண்டும் 3டி படத்தில் திடீரென்று ஒரு முண்டு முளைப்பதுபோல் தெரியும், பிடித்துவிடலாம். பிடிபடாதது மூன்றாவது வென்ட்ரிக்கிளின் கூரைக்கு மேல், ஃபார்னிக்ஸ் என்ற நரம்புக்கற்றைக்கு அடியில் இருக்கும் வீலம் இன்டர்போசிட்டம் சிஸ்டர்ன். நடுக்கோட்டிலேயே, வென்ட்ரிக்கிளுக்கு ஒட்டினாற்போலவே இருப்பதால் வடிவம் கெட்டதாகவே தெரியாது. நடுக்கோட்டு சஜிட்டல் படத்தில் (தலையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வெட்டு) ஃபார்னிக்ஸின் கோட்டைத் தொடர்ந்து பார்த்தால்தான் தெரியவரும்.

கசிவை அடைக்கத் தெரிந்தவர்கள் முதலில் எடுப்பது பெட்டியைத்தான். மூன்றாவது வென்ட்ரிக்கிளுக்குத் தனிப் பெட்டி, தனி லேபிள் (பகுதியைக் குறிக்கும் நிறம்) வைத்து, பெட்டியின் கீழ் விளிம்பைத் தரையோடு நிறுத்திவிட்டால் ஸ்நேக் அதைத் தாண்டாது. இரண்டாவது வழி வளைவு விசையைக் கூட்டுவது. கூட்டினால் ஒடுங்கிய வழிகளில் ஸ்நேக் நுழையாது. ஆனால் டெம்போரல் ஹார்னின் நுனியும் ஒடுங்கியதுதான், அதுவும் வெட்டுப்படும். ஆகவே அதைக் கொஞ்சமாகவே கூட்டுங்கள். மிச்சத்தை முடிவில் தூரிகையால் அழிக்கலாம், பெரிய துண்டு என்றால் 3டி ஸ்கால்பெல்லால் வெட்டலாம். தூரிகை எடுக்கும்போது எந்த லேபிளின்மேல் எழுத அனுமதி என்ற தேர்வைக் கவனியுங்கள். 'எல்லா லேபிளும்' என்று இருந்தால் மூன்றாவது வென்ட்ரிக்கிளைத் திருத்தப் போய் லேட்டரலை அழித்துவிடுவீர்கள்.

கோராய்டு பிளெக்ஸஸை என்ன செய்வது? மூளை நீரைச் சுரக்கும் இந்தத் திசு ஏட்ரியத்தில் தடித்து இருக்கும். டி1ல் சாம்பல் பொருளின் நிறத்தில் தெரிவதால் த்ரெஷோல்டு அதை விட்டுவிடும், வென்ட்ரிக்கிளுக்குள் ஓட்டை விழும். சிடியில் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகத் தெரிந்தாலும் இதே கதை. சேர்ப்பதா விடுவதா என்பதில் இரண்டுமே சரி. முதல் ஸ்கேனில் சேர்த்து, அடுத்ததில் விட்டால் மட்டும் தவறு. வென்ட்ரிக்கிளின் கொள்ளளவுதான் கேள்வி என்றால் சேர்த்து நிரப்பிவிடுவது சுலபம், கை மாறினாலும் எண் அதிகம் மாறாது. மூளையைத் தானாகவே பகுதி பகுதியாகப் பிரிக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளோடு ஒப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அது லேட்டரல் வென்ட்ரிக்கிளையும், அதன் டெம்போரல் பகுதியையும், கோராய்டு பிளெக்ஸஸையும் மூன்று தனி லேபிளாகத் தருகிறது. மூன்றையும் கூட்டிய பிறகே உங்கள் எண்ணோடு வைத்துப் பாருங்கள். கூட்டாமல் ஒப்பிட்டுவிட்டு இரண்டில் ஒன்று தப்பு என்று சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

சிடியில் ஐடிகே-ஸ்னாப் டி1 அளவுக்குச் சோபிக்காது. திறந்தவுடன் படம் எலும்பும் காற்றுமாக மங்கித் தெரியும். கான்ட்ராஸ்ட் சாளரத்தில் 0 முதல் 80 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியின் அடர்த்தி அலகு) வரை சுருக்கினால்தான் மூளை தெரியும். நீர் 5 முதல் 10 வரை, வெள்ளைப் பொருள் 28 பக்கம் என்றால் நடுப்புள்ளி 18 பக்கம். வித்தியாசமே 20 சொச்சம்தான், மெல்லிய ஸ்லைஸில் இரைச்சல் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இங்கே முன்கூட்டியே படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி இரைச்சலைக் குறைத்துக்கொண்டு த்ரெஷோல்டு வைப்பது, அல்லது முதல் படியில் த்ரெஷோல்டிங்கை விட்டுக் கிளாசிஃபிகேஷனுக்குப் போவது, இரண்டில் ஒன்று தேவை. கிளாசிஃபிகேஷனில் நீர், மூளை, எலும்பு, வெளிக்காற்று என்று நான்கு லேபிளில் சில தீற்றல் போட்டுப் பயிற்சி கொடுக்கலாம். முதியவர்களின் சிடியில் வென்ட்ரிக்கிளைச் சுற்றி வெள்ளைப் பொருள் கறுத்திருக்கும்போது த்ரெஷோல்டு தடுமாறும். அந்தக் கறுப்புப் பகுதிக்கும் ஒரு தனி லேபிள் கொடுத்துவிட்டால் நிலைமை தேறும்.

5 மி.மீ. சிடிதான் இருக்கிறது என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். 230 மி.மீ. பரப்பை 512 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு வோக்சல் ஏறக்குறைய 1 கன மி.மீ.; கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உயரத்தில் அது 5 மி.மீ. தூண். லேட்டரல் வென்ட்ரிக்கிளின் கூரை இரண்டு ஸ்லைஸுக்கு நடுவில் விழுந்து, அங்கே இரண்டு பக்கமும் சேர்ந்து 8 சதுர செ.மீ. பரப்பு இருந்தால், அந்த ஒரு ஸ்லைஸைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே 4 மில்லி போய்விடும். அப்படிப்பட்ட இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் 3 மில்லி குறைந்தது என்று எழுதுவதற்கு அர்த்தம் இல்லை.

பிழை எவ்வளவு என்று தோராயமாகக் கணக்கிட ஒரு வழி: வென்ட்ரிக்கிளை உருண்டையாக நினைத்துக்கொண்டு எல்லையை அரை மி.மீ. தள்ளிப் பாருங்கள். 20 மில்லி உருண்டையில் அது 1.8 மில்லியைக் கூட்டும், அதாவது 9 சதவீதம். 100 மில்லியில் 5 சதவீதம். உண்மையான வென்ட்ரிக்கிள் கொம்பும் வளைவுமாக இருப்பதால் மேற்பரப்பு இன்னும் அதிகம், பிழையும் இதைவிட அதிகம். சிறிய வென்ட்ரிக்கிளை அளப்பதுதான் கடினம், ஹைட்ரோகெஃபலஸில் (மூளையில் நீர் தேங்கும் நோய்) பெருத்ததை அளப்பது சுலபம்.

முடிந்ததும் செக்மென்டேஷன் மெனுவில் 'வால்யூம்ஸ் அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' திறந்தால் ஒவ்வொரு லேபிளுக்கும் வோக்சல் எண்ணிக்கையும் கன மி.மீ.யும் வரும். 1000ஆல் வகுத்தால் மில்லி. கூடவே அந்த லேபிளுக்குள் இருக்கும் சராசரி ஒளிர்வும் வரும், அதையும் பாருங்கள். நீரின் எண்ணைவிட எக்கச்சக்கமாக விலகி இருந்தால் எங்கோ மூளையும் சேர்ந்திருக்கிறது. நீரின் எண்ணை ஒட்டியே இருந்தாலும் கசிவு இல்லை என்று ஆகாது, கசிந்ததும் நீர்தானே.

இதன் உண்மையான குறை சாய்வுத் தளம். மூன்று படங்களும் ஸ்கேன் எடுத்த திசையிலேயே நிற்கும்; மூளையின் முன், பின் கமிஷர்களை இணைக்கும் ஏசி-பிசி கோட்டுக்குத் தக்கபடி சுலபமாகத் திருப்பிப் பார்க்க முடியாது. கோடு வரைந்து மி.மீ. படிக்கும் வசதி இருக்கிறது, தலை நேராக இருந்த ஸ்கேனில் எவன்ஸ் இண்டெக்ஸ் எடுக்கலாம். நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபலஸுக்காகக் கேலோசல் கோணம் (இரண்டு லேட்டரல் வென்ட்ரிக்கிளுக்கும் இடையிலான கோணம்) எடுக்க வேண்டும் என்றால் ஏசி-பிசி கோட்டுக்குச் செங்குத்தாக, போஸ்டீரியர் கமிஷர் வழியே போகும் கொரோனல் தளம் (முகத்துக்கு இணையான வெட்டு) தேவை. அதற்கு 3டி ஸ்லைசர் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். டூல்ஸ் மெனுவில் இருக்கும் 'ரீஓரியன்ட் இமேஜ்' இந்த வேலைக்கு என்று எண்ணி அதைத் தொடாதீர்கள். அது படத்தைத் திருப்புவதில்லை, திசைப் பெயர்களை மட்டும் மாற்றுகிறது. இடமும் வலமும் மாறிப்போக வாய்ப்பு உண்டு.

போட்டியாளர்களில் முக்கியமானது, தானாகவே பிரித்துத் தரும் சின்த்செக். செயற்கையாக உருவாக்கிய படங்களைக் கொண்டு பயிற்சி கொடுத்ததால் டி1, டி2, ஃப்ளேர், தடித்த ஸ்லைஸ், சிடி எதையும் வாங்கிக்கொள்ளும். ஃப்ரீசர்ஃபரின் புதிய பதிப்புகளோடு சேர்ந்தே வருகிறது. பழைய ஃப்ரீசர்ஃபர் ஓட்டம் மணிக்கணக்கில் இழுக்கும் இடத்தில் இது சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் ஃப்ரீசர்ஃபரோடு வரும் சின்த்செக் கட்டளை வரியில்தான் இயங்கும், விண்டோஸில் நேரடியாக ஓடாது. சிடிக்குத் தனி விருப்பம் உண்டு, அதைக் கொடுக்க மறந்தால் முடிவு கெடும். கன அளவை நிகழ்தகவுகளைக் கூட்டிக் கணக்கிடுவதால் அதன் அட்டவணை எண்ணும், அதே முடிவை ஐடிகே-ஸ்னாப்பில் திறந்து எண்ணிய வோக்சல் கணக்கும் சற்று மாறும். இது பிழை அல்ல, ஏதாவது ஒன்றையே கடைசிவரை பயன்படுத்தினால் சரி.

நிறைய ஸ்கேன் உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே சிறந்த ஏற்பாடு. சின்த்செக்கை முதலில் ஓட்டி, வெளியீட்டை ஐடிகே-ஸ்னாப்பில் செக்மென்டேஷனாகத் திறந்து சரிபார்ப்பது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: சின்த்செக் 1 மி.மீ. கட்டத்தில் முடிவைத் தரும், உங்கள் மூலப்படம் வேறு கட்டத்தில் இருக்கும். சின்த்செக்கிடமே மூலப்படத்தையும் 1 மி.மீ.க்கு மாற்றித் தரச் சொல்லி அதை முதன்மைப் படமாகத் திறந்தால்தான் இரண்டும் பொருந்தும். லேட்டரல் வென்ட்ரிக்கிள் இடது 4, வலது 43, மூன்றாவது 14, நான்காவது 15 என்ற எண்களில் வரும். எஸ் விசையைத் தட்டித் தட்டி லேபிளை மறைத்தும் காட்டியும் பார்த்தால் எல்லை எங்கே தப்பியது என்று சட்டெனத் தெரியும்.

சில்லறை எரிச்சல்களும் உண்டு. ஸ்நேக் ஓட்டத்தில் ஒரு படி மட்டும் பின்னால் போக வழி இல்லை, ரீவைண்ட் கொடுத்தால் தொடக்கத்துக்கே போய்விடும். பத்து ஸ்கேனை வரிசையாக ஓட்டும் வசதி திரையில் இல்லை. வேலையை வொர்க்ஸ்பேஸாகச் சேமித்தால் கோப்புகளின் இருப்பிடத்தை நினைவில் வைக்கும், ஆனால் செக்மென்டேஷனைத் தனியாக நிஃப்டியாகச் சேமிப்பதை மறந்துவிட்டு மூடாதீர்கள்.

ஆராய்ச்சிக்கான கருவி இது. ஷண்ட் வைப்பதா, வால்வின் அழுத்தத்தை மாற்றுவதா என்பதை இந்த எண்ணை வைத்து வீட்டிலிருந்து முடிவு செய்யக்கூடாது. நியூரோசர்ஜனிடம் கொண்டுபோகிறீர்கள் என்றால் எண்ணோடு நான்கு தகவல்களைச் சேர்த்து எழுதிக் கொடுங்கள்: எந்தத் தொடர், ஸ்லைஸ் இடைவெளி எவ்வளவு, த்ரெஷோல்டு எவ்வளவு, கோராய்டு பிளெக்ஸஸ் சேர்ந்ததா இல்லையா. முந்தைய ஸ்கேனை வேறு யாராவது அளந்திருந்தால் அந்த எண்ணை வாங்கி ஒப்பிட வேண்டாம். இரண்டு ஸ்கேனையும் ஒரே ஆள், ஒரே நாளில், தேதியை மறைத்து வைத்து அளந்து ஒப்பிடுங்கள்.